மேல்மலையில் இரண்டு இரவுகள்: ஒரு தொலைநோக்கி, பதினேழு விளக்குகள்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் என்றால் ஏரியில் படகு, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். 2024-இல் அவை எதையும் பார்க்காமல், மே 9, 10 ஆகிய இரண்டு இரவுகளையும் மேல்மலையில் கழித்தோம். பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் செல்லும் சாலையிலிருந்து பிரியும் மண்பாதை ஒன்றின் முடிவில் இருக்கும் தோட்ட விடுதி அது. விண்மீன் பார்ப்பதற்கும் இரவு வானத்தைப் படம் எடுப்பதற்கும் ஏற்ற இடம் என்று விளம்பரம் செய்து, இருவருக்கு இரண்டு இரவுக்குச் சாப்பாட்டோடு 11,000 ரூபாயும், தொலைநோக்கிக்குத் தனியாக ஆளுக்கு 500 ரூபாயும் வாங்கினார்கள். விடுதியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. குறைகளைக் கிளம்பும்போதே உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட்டேன், அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். மேலும், நான் சொல்லவிருப்பவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு விடுதிக்கு மட்டும் பொருந்துவதும் அல்ல.

உடன் வந்தவன் என் தங்கை மகன். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவனை, வீட்டில் உட்கார்ந்து நகம் கடிப்பதற்கு இது மேல் என்று அழைத்துச் சென்றேன். எனக்கு இது பத்தாண்டுப் பொழுதுபோக்கு. மதுரை மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை விரல்விட்டு எண்ணிவிடும் நிலையில் வளர்த்துக்கொண்ட ஆசை என்பதால், இருட்டுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில்தான் இந்த விடுதியை மதிப்பிடுகிறேன்.

முதல் சிக்கல் தேதியிலேயே தொடங்கியது. முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, ஏப்ரல் 23-ஆம் தேதி சித்ரா பௌர்ணமிக்குச் சிறப்பு ஏற்பாடு இருக்கிறது, வானம் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று மறுமுனையில் இருந்தவர் உறுதியாகச் சொன்னார். முழுநிலவு நாளில் நிலவைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. நிலவொளி வானம் முழுவதையும் வெளுக்க வைத்துவிடுவதால் பால்வீதி அடியோடு மறைந்துபோகும். சித்திரை மாதத்துப் பௌர்ணமி நிலவு சித்திரை நட்சத்திரத்துக்கு அருகில் நிற்பது அழகான காட்சிதான், அந்த மாதத்துக்குப் பெயர் வந்த கதையும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை, வீட்டு வாசற்படியே போதும். எனவே மே 8 அமாவாசையை ஒட்டிய இரண்டு இரவுகளை நாங்களே தேர்ந்தெடுத்தோம். விண்மீன் சுற்றுலா நடத்துகிறவர்கள் நாள்காட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அமாவாசையைத்தான் என்பதை அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது. அதைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டோம், சோதனைச் சாவடியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. மண்பாதையின் கடைசி ஒரு கிலோமீட்டரில் மட்டும் கார் அடி தட்டியது.

விடுதி அமைந்திருக்கும் இடத்தைக் குறை சொல்ல முடியாது. ஒருபுறம் படிப்படியாக இறங்கும் உருளைக்கிழங்கு, பூண்டு வயல்கள், மறுபுறம் பைன் மரங்கள், நடுவே ஓட்டுக்கூரை போட்ட நான்கு அறைகள். அறைகளுக்கு முன்னால், வானம் பார்ப்பதற்காக மரப்பலகையில் ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். மேடை மேற்கே பார்த்து நிற்கிறது. அதாவது சூரியன் மறைவதைப் பார்ப்பதற்காகக் கட்டிய மேடைக்கு, பிறகு விண்மீன் மேடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்குப் பக்கம் முழுவதையும் பைன் மரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கொடைக்கானல் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. வடநாட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க வேண்டிய தென்வானம் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது என்பதே தமிழ்நாட்டில் வானம் பார்ப்பதன் தனிச்சிறப்பு. மே மாதத்தில் தென்சிலுவை எனப்படும் திரிசங்கு, அதன் பக்கத்தில் இருக்கும் ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற இரண்டு விண்மீன்கள், பிறகு எழுந்து வரும் விருச்சிகத் தேள், பால்வீதியின் மையம் என்று பார்க்க வேண்டியவை எல்லாமே தெற்கில்தான் இருக்கின்றன. திரிசங்கு உச்சத்துக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில்தான் நிற்கும், கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாக வைத்தால் இரண்டு முட்டி உயரம். அந்தப் பைன் மரங்களோ மேடையிலிருந்து பார்த்தால் மூன்று முட்டி உயரம் இருந்தன.

அடுத்தது விளக்குகள். இருட்டியதும் மருமகன் ஒரு வேலை செய்தான். மேடையில் நின்றபடி கண்ணில் படும் விளக்குகளை எண்ணத் தொடங்கினான். நுழைவாயிலில் இரண்டு, ஒவ்வொரு அறை வாசலிலும் ஒன்று, நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஆறு, சமையற்கூடத்தின் முன்னால் வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று, வாகனம் நிறுத்தும் இடத்தில் கம்பத்தில் ஏற்றிய பெரிய விளக்கு ஒன்று, மேடையின் கைப்பிடியில் சுற்றிய சீரியல் பல்புச் சரம் ஒன்று, ஊஞ்சலுக்கு மேலே இரண்டு. சரத்தை ஒரே விளக்காகக் கணக்கு வைத்து, மொத்தம் பதினேழு. இவற்றில் எதற்கும் மேல்மறைப்பு கிடையாது. விளம்பரத்தில் இந்த இடத்தைப் போர்ட்டில் அளவுகோலில் முதல் நிலை என்று போட்டிருந்தார்கள். ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வான்நோக்கர் 2001-இல் வகுத்த அந்த அளவுகோலில் ஒன்று என்பது உலகிலேயே மிகவும் இருண்ட வானம், ஒன்பது என்பது மாநகரத்தின் நடுப்பகுதி. விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்த அந்த மேடையில் நின்று பார்த்தால் திண்டுக்கல் புறநகர்தான் நினைவுக்கு வந்தது.

எட்டு மணிக்குத் தொலைநோக்கி நிகழ்ச்சி தொடங்கியது. கருவி நல்ல கருவி: 8 அங்குல ஆடி கொண்ட, கையால் திருப்பும் டாப்சோனியன் வகை, 1200 மி.மீ. குவியத்தூரம், 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு கண்ணருகு லென்ஸ்கள். ஓர் ஆடியின் ஒழுங்கு சற்றே விலகியிருந்ததால் விண்மீன்கள் புள்ளியாக நிற்காமல் சிறு வால் முளைத்துத் தெரிந்தன. அதை நானே திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துகொள்ள அனுமதித்தார்கள். வழிகாட்டியாக வந்த இளைஞர் ஆர்வமும் பணிவும் உள்ளவர், ஆனால் அவரைத் தயார்ப்படுத்தாமல் அனுப்பியிருக்கிறார்கள். பச்சை லேசரைத் தென்மேற்கே நீட்டி, இதுதான் சதர்ன் கிராஸ், நம் திரிசங்கு என்றார். அவர் காட்டியது பொய்ச்சிலுவை என்று பெயர் பெற்ற வேறு நான்கு விண்மீன்கள். அளவில் பெரியது, ஒளியில் மங்கலானது, உருவத்தில் மட்டும் ஏமாற்றக்கூடியது. உண்மையான திரிசங்குவுக்கு அடையாளம், அதைச் சுட்டிக்காட்டுவதுபோல் கிழக்கே நிற்கும் ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள். அந்த நேரத்தில் அவை அடிவானத்தை ஒட்டி இருந்ததால் மரங்களுக்குப் பின்னால் மறைந்துகிடந்தன, திரிசங்குவும் அங்கேதான் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பார்க்க வேண்டியதை மறைத்துக் கட்டிய மேடையில் நின்றுகொண்டு வேறு எதைத்தான் அவர் காட்டியிருப்பார்?

கோபம் வந்தது சனிக்கோளால்தான். விளம்பரத்தில் அகன்ற வளையங்களோடு சனியின் படம் பெரிதாக இருந்தது, எங்களோடு இருந்த ஒரு குடும்பத்தில் இரண்டு சிறுமிகள் அதைப் பார்க்கவே வந்திருந்தார்கள். அந்த மே மாதத்தில் மாலை வானத்தில் கண்ணுக்குத் தெரியும் கோள் ஒன்றுகூட இருக்கவில்லை. வியாழனும் வெள்ளியும் சூரியனுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தன, சனி உதித்ததே அதிகாலை இரண்டரை மணிக்கு மேல். எழுந்து பார்த்தாலும் விளம்பரத்தில் உள்ள வளையம் கிடைக்காது. சனியின் வளையங்கள் அப்போது நம்மை நோக்கி ஏறத்தாழ விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தன, 2025 மார்ச்சில் முழுவதுமாக விளிம்பாகிவிட்டன. இரண்டாம் இரவு நான் நான்கு மணிக்குப் பார்த்தபோது, உருண்டையைக் குறுக்கே குத்திய ஊசிபோல் ஒரு கோடுதான் இருந்தது. அதுவும் அரிய காட்சிதான், நான் ரசித்துப் பார்த்தேன். ஆனால் எட்டு மணிக்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்ற சிறுமிகளிடம் யாராவது அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எந்த மாதத்தில் எந்தக் கோள் எத்தனை மணிக்கு உதிக்கும் என்பதைக் கைப்பேசிச் செயலி ஒன்று இலவசமாகச் சொல்கிறது, பஞ்சாங்கத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதுகூட வேண்டாம்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் இது திட்டும் மதிப்புரையாகவே முடிந்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல் நடந்தவைதான் என் மதிப்பீட்டைத் திருப்பிப் போட்டன, அதற்குக் காரணமானவர் விடுதியின் இரவுக் காவலர்.

மற்றவர்கள் அறைக்குத் திரும்பியதும் அவரிடம் போய், அண்ணே, இந்த விளக்கையெல்லாம் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "லைட்டு இல்லாட்டி காட்டுமாடு தோட்டத்துக்குள்ள வந்துரும் தம்பி" என்றார். அது சாக்கு அல்ல. கொடைக்கானல் பகுதியில் காட்டுமாடு இரவில் தெருவுக்கே வரும், இருட்டில் அதன்மேல் போய் இடித்துக்கொண்டால் விண்மீன் பார்க்க வேண்டியதில்லை, நேராக மேலேயே போய்விடலாம். யோசித்து அவரே ஒரு வழி சொன்னார். வாகனம் நிறுத்தும் இடத்து விளக்கு பைன் மரங்களுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும், அது மட்டும் எரியட்டும், மற்ற பதினாறையும் மெயினில் அணைத்துவிடலாம், வயலின் மேல்வரப்பில் நீங்கள் நில்லுங்கள், நான் கூடவே இருக்கிறேன் என்றார். மருமகன் தன் பையிலிருந்த இனிப்புப் பெட்டியின் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கிழித்து, அவருடைய டார்ச்சின் முகப்பில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தான். சிவப்பு ஒளி கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது. கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், ஒரு வெள்ளை டார்ச் அதை ஒரே விநாடியில் கெடுத்துவிடும் என்று அவன் அவருக்கு விளக்கியதை நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மெயின் சுவிட்ச் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

வரப்பில் நின்று பார்த்தபோது தெற்கு முழுவதும் திறந்துகிடந்தது. பத்து மணிக்குச் சற்று முன்னதாகத் திரிசங்கு நிமிர்ந்து நின்றது. அதன் இடப்பக்கத்தில், பால்வீதியின் மேல் மை கொட்டியதுபோல் கரிமூட்டை என்னும் கருமுகிலும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வடக்கே அடிவானத்தை ஒட்டிப் பழனிப் பக்கத்து வெளிச்சம் மஞ்சளாகப் படர்ந்திருந்ததால் அந்தத் திசையை விட்டுவிட வேண்டும். மற்றபடி இந்த வானத்தைப் போர்ட்டில் மூன்று என்பேன். விளம்பரம் சொன்ன ஒன்று அல்ல. ஆனால் மதுரையிலிருந்து ஒரு பகல் பயணத்தில் மூன்று கிடைக்கிறது என்றால் அதற்கு 11,000 ரூபாய் அதிகமில்லை.

பத்தே முக்கால் வாக்கில் நான் மருமகனுக்கு ஒரு கோடு காட்டினேன். இந்த நேரத்தில் இங்கே இருப்பவர்கள் அனைவரும் தவறாமல் பார்க்க வேண்டியது அது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரும் அவரை ஒட்டி மங்கலாக அருந்ததியும். தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே தள்ளிச் சித்திரை. அங்கிருந்து நேர் தெற்கே மூன்றரை முட்டி இறங்கினால், பஞ்சைக் கிள்ளிப் போட்டதுபோல் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து. மூன்றும் வானத்தில் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், மூன்றும் ஒரே நேரத்தில், தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் உச்சக்கோட்டைக் கடக்கின்றன. திருமணத்தன்று பகலில் புரோகிதர் காட்டிய திசையைப் பார்த்துத் தலையாட்டிய அருந்ததியை, நான் நிதானமாக நின்று பார்ப்பதே இந்தப் பொழுதுபோக்கு வந்த பிறகுதான். விடுதியின் தொலைநோக்கியை இருவருமாகத் தூக்கி வரப்புக்குக் கொண்டுவந்து ஒமேகா சென்டாரியை நோக்கித் திருப்பினோம். 48 மடங்கு உருப்பெருக்கத்தில், ஓரத்தில் தனித்தனிப் புள்ளிகளாகவும் நடுவில் மாவு தூவியதுபோலவும், முழுநிலவின் அகலத்துக்கு அது விரிந்து கிடந்தது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கோடி விண்மீன்கள் வரை திரண்டிருக்கும் கொத்து அது, நம் பால்வீதியைச் சேர்ந்த இந்த வகைக் கொத்துகளில் மிகப் பெரியதும் அதுதான். காவலர் அண்ணனையும் பார்க்கச் சொன்னேன். குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா இது இங்கதான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தொலைநோக்கியில் அவரை அதுவரை யாரும் பார்க்கச் சொன்னதில்லையாம்.

இனிப் படம் எடுப்பதைப் பற்றி. விளம்பரத்தில் ஒளிப்படப் பயிற்சி என்று இருந்தது, நேரில் பயிற்சி என்று எதுவும் இல்லை. வழிகாட்டி இளைஞர் கைப்பேசியின் இரவு முறையில் ஆளுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். நாங்கள் எங்கள் கருவியைக் கொண்டு போயிருந்ததால் பிழைத்தோம். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார் கொண்ட பழைய கேமரா, 16 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200, உறுதியான டிரைபாட். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல் கோடாக விழும். 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தாலும், சிறிய சென்சார் என்றால் கூடவே 1.5-ஆலும் வகுத்தால் கிடைப்பது தாங்கக்கூடிய விநாடிகள் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. எங்களுக்கு அது 20 விநாடி என்று வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது அதிலும் இழுவை தெரிந்ததால் 15-க்குக் குறைத்தோம். ஆனால் திரிசங்குவை எடுக்கும்போது 30 விநாடி வைத்தும் இழுவை தெரியவில்லை. தென்துருவத்துக்கு நெருங்கிய விண்மீன்கள் சிறிய வட்டத்தில் சுற்றுவதால் அவற்றின் நகர்வு குறைவு. திரிசங்கு இருக்கும் இடத்தில் அது நடுக்கோட்டு விண்மீன்களுடையதில் பாதிதான். இந்த வேறுபாட்டை மருமகன் தானே கண்டுபிடித்துவிட்டு, காரணம் கேட்டு என்னை ஒரு மணி நேரம் விடவில்லை.

விண்மீனைத் தொடர்ந்து சுழலும் டிராக்கர் ஒன்றும் என்னிடம் இருந்தது. அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதன் அச்சைத் துருவ விண்மீனுக்கு நேராக வைக்க வேண்டும். இந்த அட்சத்தில் துருவ விண்மீன் 10 பாகை உயரத்தில்தான் இருக்கும், வரப்பிலிருந்து பார்த்தால் அந்த உயரத்தில் வடக்கே ஒரு குன்று. குளிர்நாடுகளுக்காகச் செய்யப்பட்ட சில தாங்கிகள் அவ்வளவு கீழே சாயவும் மாட்டா. தமிழ்நாட்டில் டிராக்கர் வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் யோசிக்க வேண்டும். நாங்கள் மாற்று வழியாக, ஒரே காட்சியை 15 விநாடி வீதம் நாற்பது முறை எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். பதினாறு படங்களை அடுக்கினாலே, படத்தில் பொரிபொரியாகத் தெரியும் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிவிடும். நாற்பதை அடுக்கியதில், பால்வீதியின் நடுவே ஓடும் கரும்பிளவு, தேளின் கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றிய மெல்லிய நிறங்கள் எல்லாம் எழுந்து வந்தன.

அந்தப் படங்களுக்கு நேரம் நள்ளிரவுக்குப் பின்தான். மே இரண்டாம் வாரத்தில் பால்வீதியின் மையம் ஒன்பதரை மணிக்கு அடிவானத்தைத் தாண்டினாலும், மூடுபனிப் படலத்தைவிட்டு மேலே வர நள்ளிரவாகும், உச்சத்துக்கு வரும்போது அதிகாலை மூன்று மணி. அதாவது விடுதி நடத்தும் எட்டு மணி நிகழ்ச்சியில் பால்வீதியின் சிறந்த பகுதி வானத்திலேயே இல்லை. அதிகாலை நாலரைக்கு மேல் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். இடையில் எங்களுக்கு எதிரியாக இருந்தது பனி. இரண்டு மணி வாக்கில் படங்கள் மங்கத் தொடங்கின. குவியம் விலகிவிட்டது என்று நினைத்து நான் லென்ஸைத் திருகித் திருகிப் பார்க்க, மருமகன் விரலால் முன்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினான், விரல் நனைந்தது. பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டை ஒன்றை லென்ஸின் கழுத்தில் சுற்றிய பிறகுதான் சரியானது. என் வெப்பமானி 12 பாகை காட்டியது, பேட்டரியும் வழக்கத்தைவிட விரைவாக இறங்கியது. விடுதிக்காரர்கள் இரண்டு சூட்டுப் பட்டைகளும் ஒரு நல்ல டிரைபாடும் வாங்கி வைத்தால், வருகிறவர்கள் அவர்களை வாழ்த்துவார்கள்.

மறுநாள் பகலில் இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு. விடுதியில் கைப்பேசிச் சிக்னல் கிடையாது, வைஃபையும் அறைக்கு எட்டவில்லை. ஒன்பதரைக்கு வந்த முடிவு, வரவேற்பறைத் தொலைபேசியில் என் தங்கை அழைத்துச் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது. பையன் தேறிவிட்டான், மதிப்பெண் என்ன என்பது அவனுடைய சொந்த விஷயம். வான வரைபடச் செயலியை மலையேறும் முன்பே பதிவிறக்கம் செய்துவைக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே பயன்படும்.

இரண்டாவது, சூரியன். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி கங்கண கிரகணத்துக்கு வாங்கிய சூரியக் கண்ணாடியைக் கீறல் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு எடுத்துச் சென்றிருந்தேன். அதை மாட்டிக்கொண்டு பார்த்தபோது, எந்தத் தொலைநோக்கியும் இல்லாமலே சூரியனின் முகத்தில் கறுப்பாக ஒரு மச்சம் தெரிந்தது. அந்த வாரம் எல்லோரும் பேசிய, 3664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம், பூமியைப் பதினைந்து வரிசையாக அடுக்கிவைக்கும் அளவுக்கு அகன்றது. சமையல்காரர், இரண்டு சிறுமிகள், உரிமையாளர் என்று எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். முந்தைய இரவு சனி கொடுத்த ஏமாற்றத்துக்கு அது ஓரளவு ஈடு. ஒரு கண்ணாடிக்கு அதிகம் போனால் நூறு ரூபாய், விடுதியில் ஒரு கட்டு வாங்கி வைத்தால் பகலிலும் வானம் காட்டலாம்.

இரண்டாம் இரவு அட்சய திருதியை. மாலையில் மூன்றாம் பிறை, அதன் இருண்ட பகுதியும் பூமியின் ஒளி பட்டு மங்கலாகத் தெரிய, மேற்கே அழகாக நின்றது. அந்தக் காட்சிக்கு மட்டும் மேற்கு நோக்கிய மேடை சரியாகப் பொருந்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்குள் பிறை மறைந்ததும் மேகம் வந்தது, அதைவிடக் கேடாகப் பக்கத்து அறையில் புதிதாக வந்தவர்கள் மேடையருகே தீ மூட்டி ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். அவர்களுக்கும் விடுதி அதே விலையில் அதே இரவை விற்றிருக்கிறது, எனவே அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இருட்டை விற்பவர் அதே முற்றத்தில் தீயையும் சேர்த்து விற்கக் கூடாது. பதினொன்றரைக்கு மேகமும் பாட்டும் ஒன்றாகக் கலைந்தன. காவலர் அண்ணன் கேட்காமலேயே மெயினை இறக்கிவிட்டு, சிவப்பு டார்ச்சோடு வரப்புக்கு வந்து சேர்ந்தார். விடியும் முன் கிழக்கே விடிவெள்ளி வருமா தம்பி என்று கேட்டார். வெள்ளி இப்போது சூரியனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மாதம் வராது என்றேன். ஊருக்குத் திரும்பிச் செய்தி பார்த்தபோதுதான், முந்தைய நாள் நாங்கள் பார்த்த அந்தக் கரும்புள்ளியிலிருந்து கிளம்பிய சூரியப் புயல் அந்த இரவில் பூமியைத் தாக்கியதும், லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்து பதிவானதும் தெரியவந்தது. 2003-க்குப் பிறகு அவ்வளவு வலிமையான புவிக்காந்தப் புயல் வந்ததில்லை. நம் அட்சத்தில் அந்தச் சிவப்பு ஒளி தெரியாது. நாங்கள் அந்த நேரத்தில் தேளின் வாலைக் குவியத்துக்குக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டில் குறையில்லை. மலைப்பூண்டு போட்ட ரசமும், இரவு இரண்டு மணிக்குப் பிளாஸ்கில் வைத்துக் கொடுத்த சுக்குக் காப்பியும் தனியாகச் சொல்லத் தக்கவை. குளியலறையில் வெந்நீர் காலை எட்டு மணிவரைதான், இரவெல்லாம் விழித்தவர்கள் எழும்போது அது நின்றுபோயிருக்கும். காலைச் சிற்றுண்டியையும் ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வான்நோக்குக்கென்று ஆள் அழைக்கும் விடுதி இந்த நேரங்களை மாற்றியமைக்க வேண்டும்.

திரும்பும் வழியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு மேலே செல்லும் சாலையில் வண்டியை நிறுத்தி, மருமகனுக்கு அதைக் காட்டினேன். மதராஸ் வானாய்வகத்தின் பணி 1899-இல் இங்கே மாற்றப்பட்டது, கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். முந்தைய நாள் கண்ணாடி வழியாகப் பார்த்த மச்சத்தின் உள்ளே அது நடந்துகொண்டிருக்கிறது என்றதும், வண்டியை விட்டு இறங்கி இன்னொரு முறை சூரியனைப் பார்த்தான். கொடைக்கானலில் விண்மீன் விடுதி நடத்துகிறவர்கள் தங்கள் விளம்பரத்தில் இந்த ஆய்வகத்தைப் பற்றி ஒரு வரிகூடப் போடாதது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதிப்பெண் கேட்டால், அந்த விடுதிக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், காவலரைக் கணக்கில் எடுக்காவிட்டால் இரண்டு. இதே போன்ற இடத்துக்கு முன்பதிவு செய்ய நினைப்பவர் தொலைநோக்கி எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்னால், தெற்கு திறந்திருக்கிறதா, வெளிவிளக்குகளை எத்தனை மணிக்கு அணைப்பார்கள், அந்த இரவில் தீ மூட்ட வேறு யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், தொலைநோக்கி இல்லாவிட்டால்கூடப் போகலாம்.

உரிமையாளரிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டுதான்: விளக்குகளுக்குத் தொப்பிபோல் மேல்மறைப்பு போடுவது, மேடையைக் கழற்றி மேல்வரப்புக்குக் கொண்டுபோவது. மேடைக்குச் செலவாகும், விளக்கைப் பார்க்கிறேன் என்றார். 2025 பிப்ரவரிக் கடைசியில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசை வரவிருந்தது, எப்படியும் கண் விழிக்க வேண்டிய இரவு. மாலையில் அகத்திய நட்சத்திரம் தெற்கே உயர்ந்து நிற்கும், நள்ளிரவுக்குப் பின் திரிசங்கு உச்சத்துக்கு வரும். அந்த இரவுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். விளக்குகளை மறுபடியும் எண்ணுவது என் வேலை என்று மருமகன் சொன்னான்.